பழைய குருமனையை ஊர் அருங்காட்சியகமாக மாற்றும் வேலை: எதை முதலில் செய்வது, எதைச் செய்யக் கூடாது

தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். இடையன்குடியில் 1841-இல் வந்து குடியேறிய மிஷனரி இராபர்ட் கால்டுவெல்லின் இல்லத்தைத் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியது. இவை பெயர் பெற்ற வீடுகள். ஆனால் தென் மாவட்டங்களிலும் காவிரிக் கரையிலும் குருமனை, மிஷன் பங்களா, சாமியார் பங்களா என்று ஊருக்கு ஒரு பெயரில், குருவானவர்கள் குடியிருந்த எத்தனையோ பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. புதிய குருமனை பக்கத்திலேயே காங்கிரீட்டில் எழும்பியதும் பழையது நாற்காலி அடுக்கும் இடமாகிவிடும். அந்த வீட்டை ஊர் வரலாற்றுக் கூடமாக்க நினைக்கும் சேகரக் கமிட்டிக்கும் (சபை வட்டாரத்தின் நிர்வாகக் குழு) ஊர்க்காரர்களுக்கும் ஆனது இந்தக் குறிப்பு.

பெரும்பாலான முயற்சிகள் வரிசை தவறியதால்தான் கெடுகின்றன. கண்ணாடிப் பெட்டி முதலில் வரும், திறப்பு விழாக் கல்வெட்டு அடுத்து வரும், அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகும், பெட்டிக்குள் பூஞ்சை பூக்கும். சரியான வரிசை இது: காகிதம், கூரை, சுவர், பதிவேடு, இருப்பறை, கடைசியில்தான் காட்சி. இருப்பறை இல்லாமல் காட்சியறையைத் திறந்தால், வைக்க இடமில்லாத பொருளெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேரும்.

காகித வேலை

தென்னிந்தியத் திருச்சபையின் நிலமும் கட்டடமும் பொதுவாக அதன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். கத்தோலிக்கப் பங்கு என்றால் மறைமாவட்டத்திடம் கேட்க வேண்டும். இப்போது இருக்கும் குருவானவரின் வாய்ச் சம்மதம் போதாது, அவர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். எழுத்தில், குறைந்தது 10 ஆண்டுக்கு, இரண்டு தனித்தனி ஒப்பந்தங்களாக வாங்குங்கள். ஒன்று கட்டடத்தைப் பயன்படுத்த, மற்றொன்று பொருள்களைப் பாதுகாக்க. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், கட்டடத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் ஊரார் கொடுத்த பொருளும் சேர்ந்து போய்விடும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இருந்தால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற வேண்டும். பொருள்களுக்கும் சட்டம் உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம் முதலியவையும் 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் படிகளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும்; அவற்றில் சில வகைகளைப் பதிவு செய்தாக வேண்டும். மண்ணிலிருந்து கிடைத்த காசையோ சிலையையோ யாராவது கொண்டுவந்தால் வாங்கி வைக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்; தாசில்தார் அலுவலகம் வழி காட்டும்.

கூரை

மழை பெய்யும்போது வீட்டைப் பாருங்கள். வெயிலில் பார்த்து எழுதிய மதிப்பீடு பாதிப் பொய். ஒவ்வோர் அறையின் படத்தையும் தாளில் வரைந்து, எங்கே சொட்டுகிறது, எத்தனை மணி நேர மழைக்குப் பிறகு சொட்டத் தொடங்கியது என்று குறியுங்கள். உடனே சொட்டினால் விரிசலோ அடைபட்ட நீர்த்தாரையோ காரணமாக இருக்கும். மழை நின்ற மறுநாள் கசிந்தால் தளமே நீரைக் குடித்திருக்கிறது.

இந்த வீடுகளில் மிகுதியும் மட்ராஸ் டெரஸ் எனப்படும் கட்டைக்குத்துக் கூரைதான். தேக்கு உத்தரம், அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சிறு செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திவைத்துச் சாய்வாக அடுக்கிய வரிசை, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய தளம், எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓடு. முதலில் கெடுவது கட்டை சுவருக்குள் நுழையும் முனை. அங்கே ஈரமும் கறையானும் சேர்ந்து வேலை செய்யும். நடுப்பகுதி கல்லுபோல் இருக்கும், முனை மட்டும் தூளாக இருக்கும். ஒவ்வொரு கட்டையின் முனையையும் சுத்தியல் பிடியால் தட்டுங்கள், மந்தமாக ஒலித்தால் ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் அந்தக் கட்டைக்குக் கீழே அன்றே முட்டுக் கொடுங்கள். பிறகு நிதானமாக மாற்றலாம்.

ஒழுகும் கூரைக்கு மேலே சிமெண்ட் பூசுவதுதான் இந்த வீடுகளுக்கு நடக்கும் மிகப் பெரிய கேடு. 1 செ.மீ. கனச் சிமெண்ட் சாந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ. முப்பது ஆண்டுகளில் மூன்று முறை பூசி 5 செ.மீ. சேர்ந்துவிட்டால், 30 சதுர மீட்டர் அறையின் தலையில் 3 டன் கூடுதலாக உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கு விரிவதும் சிமெண்ட் விரிவதும் ஒரே அளவல்ல. அதனால் இடையில் பிளவு விழும், பிளவுக்குள் நீர் தேங்கும், வெளியேற வழி இருக்காது. ஆகவே பழைய சிமெண்டைச் சிறு உளியால் பகுதி பகுதியாக எடுத்து, சுண்ணாம்பு ஜல்லித் தளத்தைச் சீர்செய்து, தட்டோட்டைத் திரும்பப் பதிப்பதே வழி. கட்டிங் மெஷினின் அதிர்வு பழைய கட்டைகளைத் தளர்த்தும், அதைக் கூரையில் ஏற்றாதீர்கள்.

கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கக் கூடாது. வேரோடு செங்கலும் வரும். அடியோடு அறுத்து, மறுபடி துளிர்க்கும் போதெல்லாம் அறுத்து, வேர் பட்டுப்போன பிறகு அந்த இடத்தைத் திறந்து வேரை எடுத்துச் சாந்து நிரப்புங்கள். பொறுமை வேண்டிய வேலைதான்.

சுவர்

சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து வண்ணம் செதில் செதிலாக உரிந்தால், யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள் அல்லது எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். அந்த வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, 1 மீட்டரில் நின்றிருந்த கறை 2 மீட்டருக்குப் போகும். சிமெண்டைக் கறைக்கு மேல் அரை மீட்டர் வரை உரித்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ எதுவானாலும், நீற்றி நீருக்கடியில் குறைந்தது 15 நாள் ஊறவிட்டுச் சலித்து எடுங்கள். 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 முதல் 3 பங்கு கழுவிய ஆற்று மணல். கடற்கரை மணலும் உவர்ப்பான ஆழ்குழாய் நீரும் ஆகாது. அவை விரட்டிய உப்பைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். அதன் அளவை, கைப்பழக்கம் உள்ள ஆளிடம் விட்டுவிடுவது நல்லது. ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம், போனால் மேல் காய்ந்து உள் காயாமல் வெடிக்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது நிழலில் வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் இறுகும். அவசரத்துக்கு ஒரு கரண்டி சிமெண்ட் சேர்க்கிறேன் என்று மேஸ்திரி சொன்னால் வேலையை நிறுத்துங்கள். மேலே வெள்ளையடிப்பு மட்டும் போதும்.

தூணிலோ கூடத்துச் சுவரிலோ கண்ணாடிபோல் பளபளக்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சு எஞ்சியிருந்தால் அதன்மேல் எதையும் அடிக்காதீர்கள். அந்த வீட்டின் மிகச் சிறந்த காட்சிப்பொருள் அதுவாகவே இருக்கக்கூடும். உத்தரத்தில் பங்கா (கயிற்றால் இழுத்து ஆட்டும் பெரிய விசிறி) தொங்கிய கொக்கி, தனியே நிற்கும் குசினி, குதிரை லாயம், கிணற்றுக் கப்பி, மாடிப்படியில் பாதம் தேய்த்த குழிவு ஆகியவையும் அப்படித்தான். வேலை தொடங்கும் முன் இவற்றை எல்லாம் படம் எடுத்துப் பட்டியலிட்டுவிடுங்கள். பட்டியலில் இல்லாதது குப்பை வண்டியில் போகும்.

மாடியில் என்ன வைக்கலாம்

வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பளுவுக்கு என்று கணக்கிடுவது இன்றைய நியதி. பதிவேடுகள் நிறைந்த ஓர் இரும்பு பீரோ ஏறத்தாழ 240 கிலோ இருக்கும், அது நிற்கும் இடமோ அரைச் சதுர மீட்டர்கூட இல்லை. எனவே பீரோ, அச்சு இயந்திரம், கல்வெட்டு, ஆலய மணி எல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். மாடியில் படங்களும் இலேசான துணிகளும் போதும். ஒரே சமயத்தில் எத்தனை பேர் மாடியில் நிற்கலாம் என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்கி, படியடியிலேயே எழுதிவையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் 60 பேர் ஒரே சன்னலுக்கு ஓடுவார்கள்.

பழைய கட்டை வயரிங்கை முழுவதும் எடுத்துவிட்டு, குழாய்க்குள் புதிய கம்பி இழுத்து, மின்கசிவுத் தடுப்பி பொருத்துங்கள். சுவரைக் குடைய வேண்டாம், குழாய் வெளியே தெரிந்தால் பரவாயில்லை.

பதிவேடு

1708-இல் சீகன்பால்கு, தான் தரங்கம்பாடியில் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்ற குறிப்போடு பட்டியல் எழுதினார். அன்று ஊரில் என்ன படிக்கப்பட்டது என்பதை இன்று நமக்குச் சொல்வது அந்தப் பட்டியல். அருங்காட்சியகத்தின் உயிர் பதிவேட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கெட்டி அட்டை போட்ட, பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு ஒன்று வாங்குங்கள். கணினியில் ஏற்றுவது இரண்டாம் படி. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பகுதி எண் கொடுங்கள்: ஆண்டு, அந்த ஆண்டில் வந்த எத்தனையாவது கொடை, அந்தக் கொடையில் எத்தனையாவது பொருள். 2025.4.12 என்றால் 2025-இல் வந்த நான்காவது கொடையின் 12-ஆம் பொருள். ஒருமுறை கொடுத்த எண்ணை, பொருள் போனாலும் வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. எண்ணோடு எழுத வேண்டியவை: ஊர் வழக்கில் அதன் பெயர், அளவு செ.மீ.யில், எதனால் ஆனது, இப்போதுள்ள பழுது, யார் கொடுத்தது, கொடையா இரவலா, யார் பயன்படுத்தினார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கொடுப்பவர் வாசலில் நிற்கும்போதே வாங்க வேண்டும், அவர் போனபின் கிடைக்காது.

ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ‘பழங்காலக் கத்தி’ என்று எழுதாதீர்கள். பனையேறியின் அரிவாள்பெட்டி, இடுக்கி, தளைநார், கலயம் என்று அவரவர் சொல்லும் பெயரையே எழுதுங்கள்.

இரவலாக வாங்குவதைக் குறையுங்கள். வாங்கினால் ஓராண்டுக் கெடு, திருப்பித் தரும் தேதி, இருவர் கையெழுத்து மூன்றும் கட்டாயம். ‘நிரந்தர இரவல்’ என்று ஒன்று கிடையாது, அடுத்த தலைமுறையில் அது வழக்காக மாறும்.

எண்ணைப் பொருளில் எழுதும் முறையும் முக்கியம். மரம், உலோகம், மண்பாண்டம் ஆகியவற்றில் கண்ணில் படாத இடத்தில், அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்னும் நிறமற்ற அக்ரிலிக் பிசினை ஒரு சிறு கோடாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் நிறமி மையால் எண் எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுங்கள். தேவைப்பட்டால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். காகிதத்தில் 2பி பென்சில் மட்டும். துணியில் எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டு தையலில் கோத்து வையுங்கள். ஸ்டிக்கரும் பால்பாயின்ட் பேனாவும் அருங்காட்சியகத்துக்குள்ளேயே வரக் கூடாது.

பொருள்களைக் காப்பது

குருமனையில் முதலில் கிடைப்பவை ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். இவற்றைக் காட்சிக்கு வைக்காமல் படியெடுத்து வையுங்கள். பழைய இரும்பு மை காகிதத்தை எரித்து ஓட்டை போடும்; அப்படிப்பட்ட பக்கத்தில் ஈரம் பட்டால் எரிப்பு வேகமாகும். செலோ டேப்பும் லேமினேஷனும் திருத்த முடியாத கேடு. கிழிந்த பக்கத்தை மெல்லிய நீள்நார்த் தாளாலும் மாவுப் பசையாலும் ஒட்டலாம், பழகிய கை இல்லையென்றால் ஒட்டாமல் காகித உறைக்குள் வைத்தால் போதும். பதிவேட்டில் சாதியும் பிறப்பு விவரமும் இருக்கும், அந்தக் குடும்பங்கள் இன்றும் ஊரில் இருக்கும். யார் பார்க்கலாம், எந்த ஆண்டு வரை என்று கமிட்டியில் முடிவெடுத்து எழுதிவைத்த பிறகே ஒருவருக்குக் காட்டுங்கள்.

படியெடுக்க: கேமராவை நேர் செங்குத்தாக நிறுத்தி, இரு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு, ஓரத்தில் அளவுகோல். பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 300 முதல் 400 புள்ளி, பழைய புகைப்படங்களுக்கு 600. மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

ஓலைச்சுவடி வந்தால் முதலில் கட்டை அவிழ்க்காமல் படம் எடுங்கள், பிறகு ஏடுகளின் வரிசை மாறாமல் மென்தூரிகையால் தூசி தட்டுங்கள். எலுமிச்சம்புல் எண்ணெய் மெல்லத் தடவினால் ஏடு நெகிழும், பூச்சியும் அண்டாது. ஆனால் மையால் எழுதிய குறிப்பு மேலே இருந்தால் எண்ணெய் அதைக் கரைக்கும், முன்கூட்டி ஓரத்தில் சோதியுங்கள். எழுத்து தெரியவில்லை என்று மையாடுவதைச் சுவடித் துறை ஆட்களிடம் விடுங்கள். சுற்றிவைக்கச் சிவப்புத் துணி வேண்டாம், சாயம் இறங்கும். நன்றாகத் துவைத்த காடாத் துணி நல்லது.

பின்னல் லேஸ் தென் மாவட்ட மிஷன் வீடுகளோடு ஒட்டிப் பிறந்த தொழில். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கியதை, அவர் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். லேஸை மடித்தால் மடிப்புக் கோட்டில் அறும். துணி சுற்றிய குழாயில் உருட்டி வையுங்கள். கண்ணாடி நெகட்டிவைப் படுக்கையாக அடுக்காமல் நீளவாக்கில் நிறுத்தி வையுங்கள், ஓரத்தை மட்டும் தொடுங்கள்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கக் கூடாது. ஒவ்வொரு விளக்கலிலும் பொறித்த பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். அரிவாளின் துருவை உலர்ந்த தூரிகையால் தட்டி, மெழுகு பூசினால் போதும். பிடியில் படிந்த கைக்கறை அந்த மனிதரின் உழைப்பு, அதை எடுக்கவே கூடாது.

இராமபாணம், புத்தகப்புழு, கறையான் மூன்றும் வரும். அலமாரி சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 15 செ.மீ. விலகி நிற்க வேண்டும், கறையான் மண்வரி போட்டால் அப்போதுதான் கண்ணில் படும். புதிதாக வந்த பொருளைத் தனி அறையில் ஒரு மாதம் வைத்து, அடியில் வெள்ளைத் தாள் விரித்து, தூள் உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் புத்தகத்தையும் துணியையும் காற்று நீக்கிய பாலித்தீன் பையில் இறுக்கி, மைனஸ் 18 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான உறைபெட்டியில் 14 நாள் வையுங்கள். எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் பொருளின்மேல் நீர் கோக்கும். கண்ணாடி நெகட்டிவுக்கும் ஓவியத்துக்கும் இந்த முறை ஆகாது. அந்துருண்டையைத் தவிர்த்துவிடுங்கள், ஊழியர் உடம்புக்குக் கேடு.

காற்றும் ஒளியும்

பகலில் ஓட்டி இரவில் நிறுத்தும் ஏ.சி. எதுவும் இல்லாததைவிட மோசம். தினமும் ஈரம் ஏறி இறங்கி, மரம் வெடிக்கும், கண்ணாடிக்குள் வியர்க்கும். அறைக்கு ஒரு ஈரமானி வைத்துக் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் எழுதுங்கள். 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். வெளிக்காற்று உலர்ந்திருக்கும் வேளையில் சன்னலைத் திறப்பதும், மழை நாளில் மூடி விசிறியை ஓடவிடுவதும்தான் நமக்குக் கைகூடும் வழி. உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் இதற்காகவே கட்டப்பட்டவை. தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைத்து ஓர் அறை கூட்டிக்கொள்ளும் ஆசையை அடக்குங்கள்.

காகிதம், துணி, ஓலை, புகைப்படம் இவற்றுக்கு 50 லக்ஸ் ஒளிக்கு மேல் வேண்டாம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். நேர்வெயில் விழும் சன்னல்களின் மரப்பலகைகளைச் சாய்த்தே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருளை மாற்றுங்கள்.

காட்சி

குருமனை என்றதும் குருமார் படங்களை வரிசையாக மாட்டத் தோன்றும். ஒரு சுவர் போதும். அந்த வீட்டில் சமைத்தவர், பங்கா இழுத்தவர், உபதேசியார், லேஸ் பின்னிய பெண்கள், கல் சுமந்து கட்டியவர்கள், ஞாயிறன்று வாசல்வரை மட்டும் வந்தவர்கள் எல்லாரும் ஊர் வரலாற்றில் உண்டு. கசப்பானதையும் மறைக்காதீர்கள். கால்டுவெல் 1849-இல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதியது, அவர் யாரிடையே ஊழியம் செய்தாரோ அந்த மக்களையே புண்படுத்தி எதிர்ப்பை எழுப்பியது. அதைச் சொல்லாமல் திராவிட மொழிகளுக்கு அவர் எழுதிய ஒப்பிலக்கணத்தின் பெருமையை மட்டும் சொல்லும் காட்சி அரைகுறை.

விவரச் சீட்டில் தமிழ் முதலில், 60 சொல்லுக்குள், குறைந்தது 24 புள்ளி எழுத்தில், வெளிர் தாளில் கறுப்பு எழுத்தாக. சட்டகத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரியவர்களுக்கு வசதி, சிறுவர்களுக்கான பொருளைத் தனியாக 90 செ.மீ.யில் வையுங்கள். பெயரும் ஆண்டும் மட்டும் எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். ‘இந்தக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும்’ என்று எழுதினால் நிற்பார்கள்.

ஊர்ப் பெரியவர்களின் பேச்சையும் பதியுங்கள். ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் போதும். பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள், வெறுங்கையோடு கேட்டால் பேச்சு எங்கோ போகும். எங்கே பயன்படுத்தலாம் என்ற சம்மதத்தை அன்றே எழுத்தில் வாங்கிப் பதிவேட்டு எண்ணோடு சேர்த்துவிடுங்கள்.

திறந்த பிறகு

தினமும் திறக்க ஆள் இல்லையென்றால் வாரம் இரண்டு நாள் என்று முடிவுசெய்து, அந்த இரண்டு நாளும் தவறாமல் திறங்கள். மாதம் ஒருமுறை, பதிவேட்டிலிருந்து குத்துமதிப்பாக 20 எண்களை எடுத்து, அந்தப் பொருள்கள் எழுதிய இடத்தில் இருக்கின்றனவா என்று இருவர் சேர்ந்து பாருங்கள். அதே நாளில் அலமாரி அடி, சன்னல் விளிம்பு, கட்டை முனைகள் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, ஒருவர் கூரையேறிச் சருகை அள்ளி, ஒவ்வொரு நீர்த்தாரையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது எதிர்ப்புறம் தடையின்றி விழுகிறதா என்று கீழே நிற்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.